சூடான ஜீப்பும் ஈரத் துண்டும்

மூக்கையூர் கடற்கரை மணலில் லோ கியரில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, பனை நிழலில் பதநீர் குடிக்க நிறுத்தினேன். கால் மணி நேரம் கழித்து சாவியைத் திருப்பினால், வண்டி எடுத்தது; ஆனால் ஐடிலில் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் ஓடும்போது) திக்கித் திக்கி, கியர் கம்பி கையிலேயே குதித்தது. கொஞ்ச தூரம் போனதும் சரியாகிவிட்டது. காலையில் இந்தத் தொல்லையே கிடையாது.

மெக்கானிக் ஐடில் ஸ்க்ரூவை ஏற்றிவைத்தார், பிளக் மாற்றினார். காசு போனதுதான் மிச்சம்.

என்னுடையது கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) வைத்த பழைய பெட்ரோல் ஜீப். ஓடும்போது விசிறிக் காற்றும் புதிதாக வரும் பெட்ரோலும் சூட்டை இழுத்துவிடும். நிறுத்தினால் இரண்டும் இல்லை. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட்டின் சூட்டில், பெட்ரோல் வரும் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி, இன்ஜினுக்குச் சரியாகப் போய்ச் சேருவதில்லை. அடுத்த முறை திக்கியபோது, தோளில் கிடந்த துண்டை நனைத்துப் பிழிந்து பெட்ரோல் பம்ப்பிலும் குழாயிலும் சுற்றினேன் (எக்ஸாஸ்ட் மேல் சொட்டக் கூடாது, வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும்). சற்று நேரத்தில் இன்ஜின் சீரானது. சரி, கோளாறு பிளக்கில் இல்லை.

டார்ச் அடித்துப் பார்த்தால், குழாயைப் பிடிக்கும் கிளிப் உப்புக் காற்றில் துருப்பிடித்து உடைந்து, குழாய் எக்ஸாஸ்ட்டுக்கு ஒரு விரல் இடைவெளியில் தொங்கிக்கொண்டிருந்தது. தள்ளிக் கட்டி, புது கிளிப் போட்டேன். அப்புறம் அந்த ஐடில் ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே இறக்கினேன்.