பெரிய பைக் இருக்க, ஊருக்குள் ஓட்ட இன்னொரு லேசான வண்டி: பார்த்து வாங்குவது எப்படி?

பெரிய பைக் வைத்திருக்கும் பலர் ஒரு மாத்திரை அட்டை வாங்குவதற்கு அதை வெளியே எடுப்பதில்லை. நடந்து போய்விடுகிறார்கள், இல்லையென்றால் கார் சாவியைத் தேடுகிறார்கள். 200 கிலோவுக்கு மேல் இருக்கிற வண்டியைப் பின்னுக்கு இழுத்து, திருப்பி, ஐந்து நிமிடம் ஓட்டி, கடை வாசலில் ஒரு இடுக்கில் செருகி, திரும்பும்போது அதே கூத்தை மறுபடி செய்ய வேண்டும். அதற்குள் ஆர்வமே போய்விடும். அப்போதுதான் இரண்டாவதாக ஒரு சின்ன வண்டி இருந்தால் என்ன என்ற யோசனை வருகிறது.

இதை முதல்முறையாக யோசிப்பவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இந்த வண்டியை ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உருட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஓட்டும்போது எல்லாச் சின்ன வண்டியும் நன்றாகத்தான் இருக்கும்.

படி 1: உண்மையிலேயே தேவைதானா?

உங்கள் முதல் வண்டியே 150 கிலோவுக்குள் இருந்தால் இரண்டாவது வண்டி வேண்டாம். பின்னால் ஒரு கேரியரும் பெட்டியும் மாட்டினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இன்னொரு வண்டி என்றால் இன்னொரு இன்சூரன்ஸ், இன்னொரு சர்வீஸ், நிறுத்த இன்னொரு இடம். இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

முதல் வண்டி கனமானது என்றால் கதை வேறு. உங்கள் முதுகை மட்டுமல்ல, அந்த இன்ஜினையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக உண்டாகிறது. அதில் பெரும்பகுதி சைலென்சர் வழியாகப் போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயில் இருக்கும் பகுதிக்குள் இறங்கும். எரியாத பெட்ரோலும் அப்படித்தான். இன்ஜின் நன்றாகச் சூடேறினால் இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். இரண்டு கிலோமீட்டர் ஓட்டி அணைத்துவிட்டால் உள்ளேயே தங்கி ஆயிலைக் கெடுக்கும், சைலென்சரை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். பேட்டரி பாடும் அதேதான்: செல்ஃப் ஸ்டார்ட்டுக்குச் செலவான சார்ஜ் திரும்பி ஏறுவதற்குள் வண்டியை அணைத்துவிடுகிறீர்கள். சின்ன இன்ஜினுக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஆனால் அதில் சூடேற வேண்டிய உலோகமும் ஆயிலும் குறைவு என்பதால் சீக்கிரம் சூடேறிவிடும்.

படி 2: ஒரு வாரத்துக்கு எங்கெங்கே போகிறீர்கள் என்று எழுதுங்கள்

எவ்வளவு தூரம், எதைச் சுமந்து வருகிறீர்கள், பின்னால் ஆள் உட்காருவாரா, போகிற இடத்தில் வண்டியை எங்கே நிறுத்துவீர்கள். இவ்வளவு போதும். எழுதும்போது ஒன்றை மட்டும் அடிக்கோடிடுங்கள்: அந்த வழிகளிலேயே வேகம் அதிகமான சாலை எது? மற்ற வண்டிகள் 80 கி.மீ. வேகத்தில் பறக்கும் ஒரு துண்டுச் சாலை நடுவில் இருந்தால், 50 சி.சி. வண்டி அங்கே ஆபத்து. 125 சி.சி. வண்டி ஓரளவு தாக்குப்பிடிக்கும், ஆனால் முந்துவதற்குக் கையில் மிச்சம் எதுவும் இருக்காது. எல்லாமே தெருக்களும் சிக்னல்களும்தான் என்றால் 100 முதல் 125 சி.சி. தாராளம். அதற்கு மேல் போகப்போக எடையும் கூடவே ஏறும். உங்கள் லைசென்ஸ் எந்த வகை வண்டிக்கு என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள்.

படி 3: எடை

முக்கியமான படி இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகப் பேசுவோம்.

விளம்பரத்தில் இருக்கும் எடையை அப்படியே நம்பாதீர்கள். பெட்ரோல், ஆயில் எதுவும் இல்லாமல் சொல்லும் எடை ஒன்று. எல்லாம் ஊற்றி, ஓட்டத் தயாரான நிலையில் சொல்லும் எடை இன்னொன்று. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் முக்கால் கிலோ. 15 லிட்டர் டேங்க் நிறைந்தால் 11 கிலோ, அதுவும் வண்டியின் மேல்பகுதியில். இரண்டு வண்டிகளை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே வகை எடையைத்தான் எடுத்திருக்கிறோமா என்று பாருங்கள்.

எவ்வளவு குறைய வேண்டும்? பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் 249 கிலோ. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 எடுத்தால் 195 கிலோ. ஹோண்டா சூப்பர் கப் சி125 சுமார் 110 கிலோ, ஹோண்டா குரோம் அதைவிடவும் கொஞ்சம் குறைவு. முதல் வண்டியை விட 20 கிலோ குறைவான ஒன்றை வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்குப் புரிவதேயில்லை. ஆறு மாதம் போனால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தூசி படிந்து நிற்கும். என் கணக்குப்படி, பாதி எடை இருந்தால் அருமை. 50 கிலோவாவது குறையாவிட்டால் செலவுக்குப் பலன் இல்லை.

அப்புறம், எடை எங்கே இருக்கிறது என்பதும் எவ்வளவு என்பதற்குச் சமமான கேள்வி. டேங்க் உயரத்தில், இன்ஜின் மேலே தூக்கி வைத்த 130 கிலோ வண்டியை விட, எடையெல்லாம் தாழ்வாக இருக்கும் 140 கிலோ வண்டி கைக்கு லேசாகத் தெரியும். இதை அட்டவணையில் கண்டுபிடிக்க முடியாது. கடையில் இப்படிச் சோதியுங்கள்:

இன்ஜினை அணைத்து, வண்டியை விட்டு இறங்கி, இடப்பக்கம் நின்றுகொண்டு ஹேண்டில்பாரைப் பிடித்துப் பத்தடி முன்னால் தள்ளுங்கள். பிறகு பின்னால் இழுங்கள். பின்னால் இழுப்பதில்தான் வண்டி உண்மையைச் சொல்லும். ஹேண்டிலை முழுக்க ஒடித்து, இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து எடுப்பதுபோல் ஒரு வட்டம் திருப்புங்கள். ஹேண்டில் குறைவாக ஒடியும் வண்டி எவ்வளவு லேசாக இருந்தாலும் இடுக்கில் உங்களைப் படுத்திவிடும். சென்டர் ஸ்டாண்டு இருந்தால் யாரையும் கூப்பிடாமல் தனியாகப் போட்டு எடுங்கள். கடைசியாக, ஒரு கையில் பையைப் பிடித்தபடி மறு கையால் வண்டியைச் சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்த முடிகிறதா? முடிந்தால் அந்த வண்டியைப் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீட் உயரமும் இதில் சேர்த்திதான். உட்காரும்போது ஷாக் அப்சார்பர் கொஞ்சம் அமுங்கும், சீட்டின் அகலம் தொடையை விலக்கும். அதனால் மில்லிமீட்டர் கணக்கை விட உட்கார்ந்து பார்ப்பதே மேல். இரண்டு பாதமும் முழுக்கத் தரையில் பதிந்தால், உட்கார்ந்தபடியே காலால் உந்திப் பின்னுக்கு எடுக்கலாம். நெடுந்தூர வண்டியில் இதை விட்டுக்கொடுக்கலாம், இதில் விடாதீர்கள்.

படி 4: எந்த வகை வண்டி?

காலைத் தூக்கிப் போட வேண்டாத, நடுவே தாழ்வான வண்டிகளில் முன்னோடி ஹோண்டா சூப்பர் கப். 1958-இல் வந்தது, 2017-இல் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. கடைக்காரர்கள் ஒரு கையில் சாமானைப் பிடித்துக்கொண்டும் ஓட்ட வேண்டும் என்ற எண்ணத்தில்தான் அதில் கிளட்ச் லிவரையே எடுத்துவிட்டார்கள். கியரைக் காலால் மாற்றினால் போதும், கிளட்ச் தானாக வேலை செய்யும். (ஒரு கையால் ஓட்டச் சொல்லி நான் பரிந்துரைக்கவில்லை.) ஊர்வேலைக்கு என்றே பிறந்த அமைப்பு இது. 17 அங்குலச் சக்கரம் என்பதால் பள்ளத்திலும் மானம் காக்கும்.

ஸ்கூட்டரில் கியரே இல்லை, பெல்ட்டும் கப்பியும் அந்த வேலையைப் பார்க்கின்றன. சீட்டுக்கு அடியில் இடம், காலடியில் இடம், மழைச் சேறு காலில் தெறிக்காது. சாமான் அதிகம் என்றால் யோசிக்காமல் இதற்கே போகலாம். குறைகளும் உண்டு: பெரும்பாலான ஸ்கூட்டர்களுக்கு 10 அல்லது 12 அங்குலச் சக்கரம்தான், ஆகவே பள்ளம் முதுகெலும்பு வரை வந்து சேரும். எடையும் பின்பக்கம் அதிகம் விழும். பெல்ட் தேயும், குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். கியர் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு, ஆக்சிலரேட்டரை விட்டதும் இன்ஜின் இழுத்துப் பிடிக்கும் உணர்வு குறைவாக இருப்பது ஆரம்பத்தில் திக்கென்றிருக்கும்.

குரோம் போன்ற குட்டி பைக்குகள் ஓட்ட ஜாலி. சாமான் வைக்க மட்டும் இடம் கிடையாது, கேரியர் தனியாக மாட்ட வேண்டும். மெலிந்த, உயரமான டிரெயில் பைக்குகள் மோசமான சாலைக்கு நல்லவை. சீட் உயரத்தில் குள்ளமானவர்களைக் கைவிடும்.

மின்சார வண்டி இந்த வேலைக்கு மிகவும் பொருந்தும். குளிர்ந்த இன்ஜின் பிரச்சினையே அதில் இல்லை. சார்ஜ் போட வீட்டில் இடம் இருக்கிறதா, பேட்டரியைக் கழற்றித் தூக்கிப்போக வேண்டுமா என்பதுதான் கேள்வி. கழற்ற வேண்டும் என்றால், வண்டியைப் போலவே பேட்டரியையும் கடையில் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். உங்கள் வீடு எத்தனையாவது மாடி என்பதை நினைத்துக்கொண்டே தூக்குங்கள்.

படி 5: சாமான்

அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வண்டியின் எடையைக் கழித்தால், நீங்கள், பின்னால் உட்காருபவர், சாமான் எல்லாம் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்று வரும். சின்ன வண்டிகளில் இந்த எண் நினைப்பதை விடச் சின்னது. கேரியருக்குத் தனி வரம்பு உண்டு, பெரும்பாலும் அதிலேயே ஒட்டியிருக்கும். கனமானதைப் பின்சக்கரத்துக்கு வெளியே, உயரத்தில் வைத்தால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும். அரிசி மூட்டை போன்றவை காலடியில், காய்ந்த துணி போன்றவை பெட்டியில்.

படி 6: பிரேக், டயர்

பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடைத்தால் எடுங்கள், குறைந்தது முன்சக்கரத்துக்காவது. ஒரு லிவரை அழுத்தினால் இரண்டு சக்கரமும் பிடிக்கும் சிபிஎஸ் அதற்கு அடுத்த இடம். அது நிற்கும் தூரத்தைக் குறைக்க உதவும், ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்காது. டயர் டியூப்லெஸ்ஸாக இருந்தால் பஞ்சரான இடத்திலேயே சக்கரத்தைக் கழற்றாமல் அடைத்துவிடலாம்.

படி 7: பழைய வண்டி என்றால்

இரண்டாவது வண்டியைப் பழையதாக வாங்குவதில் தவறே இல்லை, நான் அதைத்தான் முதலில் சொல்வேன். போவதற்கு முன் விற்பவரிடம் "ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ தகராறு இருக்கலாம்.

புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, செயின் ஓடும் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் கொக்கிபோல் வளைந்திருப்பது, முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் ஒரு இடத்தில் சிக்கிக்கொள்வது, இவையெல்லாம் விலையைக் குறைத்துக் கேட்க வேண்டிய இடங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. தரையில் படும் பள்ளக்கோடுகள் தேயாமல் இருந்தாலும் ரப்பர் வயதாகிக் கெட்டிப்படும். மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். சட்டகத்து எண்ணும் இன்ஜின் எண்ணும் பதிவுச் சான்றோடு ஒத்துப்போகாவிட்டால் பேச்சு வளர்க்காமல் திரும்பிவிடுங்கள்.

படி 8: இப்போது ஓட்டிப் பாருங்கள்

உருட்டலில் தேறிய வண்டிகளை மட்டும் ஓட்டுங்கள். வேகம் வேண்டாம். நடக்கும் வேகத்தில் ஒரு எட்டு போடுங்கள், பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திப் பாருங்கள், ஒரு வேகத்தடையை ஏற்றி இறக்குங்கள். கனமான வண்டியில் பழகிய கை, லேசான வண்டியில் எல்லாவற்றையும் தேவைக்கு மேல் அழுத்தும். ஸ்கூட்டராக இருந்தால் கிளட்ச் இருந்த இடத்தில் பின்பிரேக் லிவர் இருக்கும், பழக்கதோஷத்தில் அதைச் சட்டென்று இழுத்துவிடுவீர்கள். வாங்கிய முதல் வாரம் ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம், கிளம்பியதும் காலிச் சாலையில் இரண்டு மூன்று தடவை பிரேக் பிடித்துவிட்டுப் போங்கள்.

படி 9: பெரிய வண்டியை மறந்துவிடாதீர்கள்

சின்ன வண்டி வந்ததும் பெரியது நின்ற இடத்திலேயே நிற்கும். லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் இறங்கிய நிலையில் கிடந்தால் அதன் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டிப்படும், 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு சார்ஜர் ஒன்றை மாட்டிவைப்பது நல்ல வழி. தினமும் நின்ற இடத்தில் இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது எதற்கும் உதவாது, முதல் படியில் சொன்ன தண்ணீரைத்தான் ஆயிலில் சேர்க்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டிச் சூடேற்றுங்கள். கிளம்பும் முன் டயரில் காற்றைப் பாருங்கள், நின்ற வண்டியில்தான் அது சத்தமில்லாமல் இறங்கியிருக்கும். சின்ன வண்டிக்கு ஆயில் மாற்றுவதைக் கிலோமீட்டரை வைத்து மட்டும் கணக்குப் போடாதீர்கள். குட்டிக் குட்டித் தூரம் ஓடும் வண்டி கையேட்டில் சொன்ன கிலோமீட்டரை எட்டவே எட்டாது. அதில் மாதக் கணக்கும் கொடுத்திருப்பார்கள், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள்.