பழைய உலோக ஸ்நேர் டிரம்: பளபளப்பாக்கப் போய்ப் பாழாக்காதீர்கள்

பழைய ஸ்நேர் டிரம் (அடித்தோலை ஒட்டிக் கம்பிகள் அதிரும் டிரம்) ஒன்றை வாங்கிய கையோடு அதைத் தேய்க்க உட்காருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஐம்பது, அறுபது ஆண்டுகள் தாக்குப்பிடித்த முலாம் ஒரே ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் போய்விடுகிறது. வாசித்துக் கெட்டுப்போன டிரம்மை நான் அதிகம் பார்த்ததில்லை. பழுதுபார்க்க என் மேசைக்கு வருவதில் பெரும்பகுதி துடைத்துக் கெட்டதுதான்.

மழையில் நனைக்காதீர்கள், கீழே போடாதீர்கள் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். விஷயம் தெரிந்தவர்களும் தடுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

என்ன உலோகம் என்று தெரியாமலே கை வைப்பது

எல்லாம் ஒன்றுபோல் மின்னுவதால் எல்லாம் ஒரே உலோகம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு ஸ்நேரில் இரண்டு மூன்று உலோகங்களாவது இருக்கும். ரிம், அதாவது தோலை இறுக்கிப் பிடிக்கும் வளையம், பெரும்பாலும் எஃகு. லக், அதாவது இறுக்கும் திருகுகள் ஏறுவதற்காகப் பக்கவாட்டில் பொருத்திய துண்டு, பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தது. ஷெல், அதாவது டிரம்மின் உருளை உடல், பித்தளையாகவோ, அலுமினியமாகவோ, எஃகாகவோ இருக்கலாம். மேலே தெரியும் குரோம் வெறும் போர்வை.

ஒரு சிறு காந்தத்தை ஷெல்லின் மேல் வையுங்கள். சிக்கெனப் பிடித்தால் எஃகு. லேசாக இழுத்துவிட்டு நழுவினால் அது குரோமுக்கு அடியில் இருக்கும் நிக்கலின் வேலை; ஏமாந்துவிடாதீர்கள். பித்தளையா அலுமினியமா என்பதைக் கையில் தூக்கிப் பார்த்தாலே ஓரளவு தெரியும், ஏனென்றால் பித்தளையின் அடர்த்தி அலுமினியத்தைப்போல் மூன்று மடங்கு. சந்தேகம் தீரவில்லை என்றால் ஹெட்டை (அடிக்கும் தோலை) கழற்றி ஷெல்லின் விளிம்பைப் பாருங்கள். முலாம் தேய்ந்த இடத்தில் மஞ்சள் தெரிந்தால் பித்தளை.

அரிப்பின் நிறமும் துப்புக் கொடுக்கும். எஃகில் செந்துரு, பித்தளையில் பச்சைக் களிம்பு, அலுமினியத்தில் வெள்ளைப் பொடி. இந்த மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல.

வெள்ளைப் புள்ளியை அழுக்கு என்று சுரண்டுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

சிகாகோவின் லுட்விக் நிறுவனம் செய்த சூப்ராஃபோனிக் என்ற ஸ்நேரைத் தெரியாத டிரம்மர் குறைவு. 14 அங்குல விட்டம். 5 அங்குல ஆழம் என்றால் மாடல் எண் 400, ஆறரை அங்குலம் என்றால் 402. லெட் செப்பலின் ராக் குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹம் வாசித்தது 402. 1960களின் தொடக்கத்தில் சில காலம் பித்தளை ஷெல்லில் வந்தது. பிறகு அலுமினியக் கலவைக்கு மாறினார்கள். அதற்கு லுடலாய் என்று பெயரும் வைத்தார்கள். ஓசைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அலுமினியத்தின் மேல் குரோம் நிலைத்து நிற்பது கடினம். அதனால்தான் அந்தக் காலத்து ஷெல்களில் பலவற்றில் வெள்ளைப் புள்ளிகளும் கொப்புளங்களும் இருக்கின்றன.

அந்தப் புள்ளியை ஒரு பூதக்கண்ணாடியில் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவு துளை. அதைச் சுற்றி முலாம் மெல்ல மேடாக உப்பியிருக்கும். துளையின் வாயில் சுண்ணாம்புபோல் வெள்ளைப் பொடி. இது மேலே படிந்த அழுக்கு அல்ல, அடியிலிருந்து எழுந்தது. அலங்காரக் குரோம் அடுக்கின் தடிப்பு பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் உண்டு. வியர்வையின் உப்பும் ஈரமும் அவற்றின் வழியே இறங்கி, நிக்கலையும் கடந்து அலுமினியத்தைத் தொட்டுவிட்டால், நிக்கலும் அலுமினியமும் சேர்ந்து ஒரு குட்டி பாட்டரியாகிவிடுகின்றன. கரைவது அலுமினியம். கரைந்த உலோகம் பொடியாக மாறும்போது முன்னைவிட அதிக இடம் கேட்கிறது. மேலே இருக்கும் முலாமைத் தூக்குகிறது. ஈரம் ஏறிய சுவரில் வெள்ளைப்பூச்சு உப்பி உதிருமே, அதே கதைதான்.

இது புரியாமல் தேய்த்தால் என்ன ஆகும்? தேவாலயக் குழு ஒன்றில் வாசிக்கும் இளைஞர் தன் 400ஐக் கொண்டுவந்திருந்தார். வாங்கியபோது லக்குகளுக்கு நடுவே மிளகளவுப் புள்ளிகள் சில இருந்தனவாம். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் தேய்த்திருக்கிறார். போகவில்லை. பேனாக்கத்தியின் முனையால் சுரண்டியிருக்கிறார். உப்பியிருந்த முலாம் செதில் செதிலாகப் பெயர்ந்து, மிளகளவாக இருந்தது ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு விரிந்துவிட்டது. சுற்றியிருந்த குரோமில் வட்ட வட்டமாகக் கீறல். அதோடு, உடைந்த கம்பி நாரின் துணுக்குகள் குழிகளுக்குள் சிக்கிக்கொண்டு துருப்பிடித்ததால், துருவே பிடிக்காத அலுமினியத்தில் பழுப்புப் புள்ளிகள் வேறு. அவர் தந்த விலைக்கு அந்த டிரம் அப்படியே இருந்திருக்கலாம்.

அவராவது அங்கே நிறுத்தினார். சிலர் "மொத்த குரோமையும் எடுத்துவிட்டால் வெறும் அலுமினியம் அழகாக இருக்குமே" என்று கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் குரோமைக் கரைக்கும், உண்மைதான். குழிகளின் வழியே இறங்கி அலுமினியத்தையும் அதே வேகத்தில் தின்னும். நுரைத்துக்கொண்டு வெளிவருவது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன். கூடவே எழும் அமிலப் புகை நுரையீரலைப் பதம்பார்க்கும். கடைசியில் கையில் மிஞ்சுவது அம்மை போட்ட ஷெல். திரும்ப முலாம் பூசலாமே என்று கேட்பார்கள். அலுமினியத்துக்கு முலாம் பூசத் துத்தநாகக் குளியல் முதலான தனி முன்தயாரிப்புகள் வேண்டும். குழிகளை முழுக்க மழிக்க வேண்டும். மழித்தால் ஷெல் மெலியும். அந்தச் செலவில் நல்ல நிலையில் உள்ள இன்னொரு ஸ்நேரைத் தேடலாம்.

செய்ய வேண்டியது எளிது. மென்மையான தூரிகையால் தூசி தட்டுங்கள். வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு, மைக்ரோஃபைபர் துணியைப் பிழிந்து துடையுங்கள். வெறும் நீரில் நனைத்த துணியால் இன்னொரு முறை. சென்னைக் கடலோரத்து ஆழ்துளைக் கிணற்று நீர் இதற்கு ஆகாது. விரட்ட நினைக்கும் உப்பை நாமே பூசியதாகிவிடும். நன்றாக உலர்ந்த பிறகு மெழுகு. பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வகத்தில் 1950களில் உருவான ரெனசான்ஸ் வாக்ஸ் போன்ற நுண்படிக மெழுகு சிறந்தது. தேய்ப்புப் பொடி கலக்காத கார் மெழுகும் போதும். கொப்புளத்தின் மேல் அழுத்தாமல், விரல் நுனியால் ஒற்றிப் பூசுங்கள். குழி மறையாது. பரவும் வேகம் குறையும். குழியால் ஓசையில் நான் எந்த மாற்றமும் கேட்டதில்லை.

புளியும் எலுமிச்சையும்

பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி நல்லது என்பதால் டிரம்முக்கும் நல்லது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். முலாம் இல்லாத கனத்த பித்தளைக்குப் பொருந்துவது இதற்குப் பொருந்தாது. லக்கின் துத்தநாகக் கலவைக்கு அமிலம் ஜென்மப் பகை. குரோம் தேய்ந்த ஒரு மூலை கிடைத்தால் போதும், அமிலம் உள்ளே புகுந்து லக்கையே பொரித்துவிடும். வினிகரில் இரவு முழுக்க ஊறவைப்பதும் இதே கணக்கில்தான் வரும்.

எஃகு ரிம்மில் செந்துரு இருந்தால் சமையலறை அலுமினியத் தாளைச் சுருட்டி, தண்ணீரில் நனைத்து, மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். தாள் குரோமைவிட மென்மையானது, அதனால் கீறாது, துரு வந்துவிடும். குரோம் பூசிய எஃகுக்கு மட்டும் இது. நிக்கல் முலாம் மென்மையானது, அதன் மேல் வேண்டாம்.

அம்மோனியா கலந்த பாலிஷ்

பித்தளை பாலிஷ்கள் பலவற்றில் அம்மோனியாவும் தேய்ப்புப் பொடியும் உண்டு. பொடி முலாமைத் தேய்க்கும் என்பது தெரிந்ததே. அம்மோனியாவின் சேதம் பலருக்குத் தெரியாது. பிரிட்டிஷ் இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாதான் காரணம் என்பது 1921இல்தான் விளக்கப்பட்டது. குளிர்நிலையில் வளைத்து உருவாக்கிய பித்தளைக்குள் இறுக்கம் தங்கியிருக்கும். அம்மோனியா அந்த இறுக்கத்தின் வழியே விரிசலைத் திறக்கும். பழைய பித்தளை ஷெல்லும் அப்படி வளைத்துச் செய்ததுதான். முலாம் தேய்ந்து பித்தளை வெளியே தெரிகிற ஷெல்லில் இந்த பாலிஷையோ, அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானையோ தொடவே தொடாதீர்கள்.

கறுப்பு நிக்கல்

கறுப்பு நிக்கல் முலாம் பூசிய லுட்விக் ஸ்நேரான, 1920களின் பிளாக் பியூட்டியா? உலர்ந்த மென்துணி. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

அக்ரோலைட்டுக்குச் சலவை சோடா

லுட்விக்கின் இன்னொரு ஸ்நேரான அக்ரோலைட்டின் ஷெல்லில் குரோமே கிடையாது. அலுமினியத்தின் மேல் மின்வேதி முறையில் வளர்த்த ஆக்சைடு அடுக்கு. சாம்பல் பூத்த மங்கல் நிறம். உதிர ஏதும் இல்லாததால் வெகு காலம் நிற்கும். ஆனால் காரத்துக்கு எதிரே நிற்காது. சலவை சோடா, காஸ்டிக் கலந்த அடுப்புத் துடைப்பான் எதுவானாலும் அந்த அடுக்கைக் கரைத்துத் திட்டுத் திட்டாக வெளுக்கவைக்கும். அந்தத் திட்டை எந்த மெழுகாலும் மறைக்க முடியாது.

பேட்ஜ்

ஷெல்லில் பதித்த நிறுவனப் பெயர்த் தகட்டுக்குப் பாலிஷ் போடாதீர்கள். எழுத்து அழிந்தால் டிரம்மின் வயதைச் சொல்லும் சாட்சி அழிந்தது.

கழற்றாமல் கழுவுவது

லக்கின் உள்ளே ஸ்பிரிங்கும் திருகு ஏறும் நட்டும் இருக்கின்றன. ஸ்பிரிங் அதிராமலிருக்கச் சிலர் உள்ளே பஞ்சோ கம்பளித் துண்டோ அடைத்திருப்பார்கள். அதில் இறங்கிய தண்ணீர் வாரக்கணக்கில் வெளியே வராது. ஸ்பிரிங் உள்ளேயே துருப்பிடிக்கும். ஒவ்வொரு லக்காகக் கழற்றுங்கள். எது எந்த இடம் என்று குறித்துவையுங்கள். பஞ்சை எடுத்து எறியுங்கள். டென்ஷன் ராட்களை (ரிம்மை இறுக்கும் நீளத் திருகுகளை) மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, மரையில் ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் விடுங்கள். டப்பாவிலிருந்து பீய்ச்சும் டபிள்யூடி-40 நீரை விலக்கத்தான். நீண்ட காலக் காப்புக்கு அதை நம்பாதீர்கள். அமெரிக்க டிரம்களின் மரை 12-24 என்ற அமெரிக்க அளவு; மெட்ரிக் அல்ல. இறுகிப்போன ராடுக்குப் பதில் கடையில் கிடைத்த மெட்ரிக் போல்ட்டை முறுக்கி ஏற்றினால் நட்டின் மரை போய்விடும்.

நுரைப் பெட்டியில் மாதக்கணக்கில் பூட்டிவைப்பது

கச்சேரி முடிந்த வியர்வையோடு பெட்டிக்குள் போகும் டிரம், நுரை உறிஞ்சிய ஈரத்தோடு அங்கேயே கிடக்கிறது. பெட்டி பயணத்துக்கு. வீட்டில் காற்றோட்டமான அலமாரியில், பருத்தித் துணி போர்த்தி வையுங்கள். ஓக் மரப்பெட்டி அழகாக இருக்கும், ஆனால் அந்த மரம் அசிட்டிக் அமில ஆவியை விடும். லக்கின் துத்தநாகத்துக்கு அது ஆகாது. பெட்டியில் வைத்தே தீர வேண்டும் என்றால் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பையைப் போடுங்கள். ஆரஞ்சு மணிகள் பச்சையானால் ஈரத்தைக் குடித்து முடித்துவிட்டன என்று பொருள். மிதமான சூட்டில் உலர்த்தினால் மறுபடி உதவும்.

ரிம்மின் அடிப்பக்கம்

ஹெட் மாற்றும் ஒவ்வொரு முறையும் ரிம்மைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். ஸ்டிக்கின் மரத்தூளும் வியர்வையும் கலந்து கறுத்த பசைபோல அந்தப் பள்ளத்தில் ஒட்டியிருக்கும். துரு முதலில் தொடங்குவது அங்கேதான். பஞ்சுக் குச்சியால் வழித்தெடுத்து, துடைத்து, மெழுகு பூசிய பிறகே புது ஹெட்டை ஏற்றுங்கள்.