வலி மாத்திரையை எதற்காக எடுக்கிறோம் என்று கண்டறிவது எப்படி?

நாட்பட்ட வலிக்காக டிரமடால், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு (அபின் வகை வலிநிவாரணி) மருந்துகளை எடுப்பவர்களில் அளவு மீறுகிற எல்லோரும் போதை தேடிப் போனவர்கள் அல்லர். பதற்றம், தூக்கமின்மை, துக்கம் ஆகியவற்றை அடக்கவே பலர் கூடுதலாக ஒன்றை விழுங்குகிறார்கள். இந்த மருந்து வலியோடு மன உளைச்சலையும் சற்று நேரம் தணிப்பதால், எதற்காக எடுத்தோம் என்பது எடுத்தவருக்கே தெரியாமல் போகிறது.

ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள். மாத்திரை போடுவதற்கு முன்பே எழுத வேண்டும். போட்ட பிறகு எழுதினால் எல்லாமே "வலி" என்றுதான் பதிவாகும். நேரம், வலி 0 முதல் 10 வரை, உளைச்சல் 0 முதல் 10 வரை, முந்தைய இரவு தூங்கிய மணி, இது மருத்துவர் சொன்ன வேளையா கூடுதலா என்பவை போதும்.

கூடுதல் மாத்திரைகளை மட்டும் வட்டமிடுங்கள். வலி 4, உளைச்சல் 8 என்று அடிக்கடி வந்தால் விடை கிடைத்துவிட்டது. வலி வரும் முன்பே, "வந்தால் தாங்க மாட்டேன்" என்று எடுத்தவை தனி ரகம். வலியைப் பற்றியே ஓயாமல் நினைப்பது, அதைப் பெரிதாக்குவது, தன்னால் எதுவும் ஆகாது என்று தளர்வது மூன்றும் சேர்ந்த மனநிலை இது. இதை அளக்க 13 கேள்விகள் கொண்ட அளவுகோல் உண்டு. மொத்தம் 52, அதில் 30ஐத் தொட்டால் மருத்துவ ரீதியாகக் கவனிக்க வேண்டிய அளவு என்று கொள்வது வழக்கம்.

ஏமாற்றக்கூடிய இடம் ஒன்று: அடுத்த வேளை நெருங்கும்போது கொட்டாவி, வியர்வை, உடம்புக் குடைச்சல் வந்தால், அது பழைய வலி அல்லாமல் மருந்தின் தாக்கம் குறைவதன் அறிகுறியாக இருக்கலாம். நீண்ட நாள் பயன்பாட்டில் மருந்தே வலியுணர்வைக் கூட்டுவதும் உண்டு. அப்போது அளவை ஏற்றினால் வலி கூடுமே தவிரக் குறையாது.

நோட்டை அப்படியே மருத்துவரிடம் காட்டுங்கள். மனச்சோர்வுக்கும் தூக்கமின்மைக்கும் தனியாகச் சிகிச்சை கேளுங்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (CBT) இரண்டுக்கும் உதவும். வீட்டார் மாத்திரையை ஒளித்து வைத்துத் திடீரென நிறுத்துவதுதான் மிக மோசமான வழி. ஓராண்டுக்கு மேல் எடுத்தவருக்கு, மருத்துவர் மேற்பார்வையில் மாதம் 10 சதவீதம் அல்லது அதற்கும் மெதுவாகக் குறைப்பதே பொதுவாகத் தாங்கக்கூடிய வேகம். மதுவோ தூக்க மாத்திரையோ இதனுடன் சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம். எழுப்பினாலும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்தால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். ஓபியாய்டின் விளைவை முறிக்கும் மருந்தான நலாக்ஸோன் கைவசம் இருந்தால் காத்திராமல் கொடுங்கள்.