அனிமே புதிதா? ரசனையைக் கேட்டுவிட்டுப் பரிந்துரையுங்கள்

அனிமே என்றால் ஜப்பானிய அனிமேஷன். யாராவது "நல்ல அனிமே ஒன்று சொல்லுங்க" என்றால் எடுத்த எடுப்பிலேயே ஒன் பீஸைச் சொல்லிவிடாதீர்கள். 1999-இல் தொடங்கி 1000 எபிசோடைத் தாண்டிய தொடர் அது, புதியவர் மிரண்டுபோவார். வழக்கமாக என்ன பார்ப்பார் என்று முதலில் கேளுங்கள்.

த்ரில்லர் பிரியர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு டெத் நோட். 37 எபிசோட்தான். பெயரை எழுதினால் ஆள் சாகும் நோட்டு ஒரு மாணவன் கையில் கிடைக்கிறது. அவனைப் பிடிக்க 'எல்' என்ற துப்பறிவாளன் வருகிறான். இருவரும் ஒருவர் மனதை ஒருவர் கணிப்பதுதான் சுவாரசியமே. பாதிக்கு மேல் கொஞ்சம் தொய்வு உண்டு, பரவாயில்லை. காலப்பயணக் கதை பிடிக்குமா? ஸ்டெயின்ஸ் கேட். முதல் பாதி மெதுவாகத்தான் நகரும், பொறுக்கச் சொல்லுங்கள். அப்புறம் விட மனசு வராது.

சண்டையே பிடிக்காதவருக்கு முஷிஷி. ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை. விளையாட்டு என்றால் ஹைக்யூ. வாலிபால் விதி தெரியாவிட்டாலும் சரி.

குழந்தைகளோடு பார்ப்பதானால் வயது வரம்பைப் பார்த்துவிடுங்கள். கார்ட்டூன்தானே என்று அட்டாக் ஆன் டைட்டனைப் போட்டால், முதல் எபிசோடிலேயே ராட்சதர்கள் மனிதரைத் தின்பார்கள்.