கரு கலைந்தால்: முதல் நாட்களில் கவனிக்க வேண்டியவை

ஸ்கேனில் "துடிப்பு வரலை" என்றதும் அன்றைக்கே முடிவெடுக்கத் தேவையில்லை. கருவின் நீளம் 7 மில்லிமீட்டருக்குக் குறைவு என்றால் ஒரு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்க்க வேண்டும். நாள் கணக்கு தவறியிருக்கலாம்.

கலைந்தது உறுதியானால் தானாக வெளியேறக் காத்திருக்கலாம், மாத்திரை எடுக்கலாம், அல்லது மருத்துவமனையில் சுத்தம் செய்யலாம். சுத்தம் செய்வதென்றால், சுரண்டும் பழைய டி அண்ட் சி-யைவிட உறிஞ்சி எடுக்கும் முறை கர்ப்பப்பைக்குப் பாதுகாப்பு. கேட்டுப் பெறுங்கள். ஸ்கேன் பார்க்காமல் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போடவே கூடாது. கரு கர்ப்பப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை வேலை செய்யாது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

மணிக்கு இரண்டு பெரிய நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, பிறப்புறுப்பிலிருந்து துர்நாற்றத்துடன் கசிவு இருந்தாலோ, மயக்கமோ தோள்பட்டை வலியோ வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தாயின் ரத்தம் நெகட்டிவ் வகையா? அடுத்த கர்ப்பத்தைப் பாதுகாக்கும் ஆன்டி-டி ஊசி 72 மணி நேரத்துக்குள் தேவையா என்று நீங்களே கேளுங்கள். அவசரத்தில் விட்டுப்போவது இதுதான்.

பிறகு வீட்டில் விசாரணை தொடங்கும்: "என்ன சாப்பிட்டே, எதைத் தூக்கினே?" முதல் மூன்று மாதத்தில் கலைபவற்றில் பாதியளவுக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. அது கரு உருவாகும்போதே நேர்ந்துவிடுவது. ஸ்கூட்டர், மாடிப்படி, எள்ளுருண்டை, பழுத்த பப்பாளி எதுவும் அதைச் செய்யாது. பச்சைப் பப்பாளியின் பால் எலிகளின் கர்ப்பப்பையைச் சுருங்க வைத்தது உண்மை. காயைத் தவிர்க்கச் சொல்லும் பாட்டியைக் குறை சொல்ல முடியாது. திருஷ்டி சுற்றிப் போடுவதாலும் நஷ்டமில்லை. மருமகளைக் குற்றவாளி ஆக்குவதுதான் கெடுதல்.

இரண்டு முறை கலைந்திருந்தால் பரிசோதனை அவசியம்: தைராய்டு, சர்க்கரை, கர்ப்பப்பையின் அமைப்பு, ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி (ரத்தத்தை எளிதில் உறைய வைக்கும் எதிர்ப்பொருள்). கடைசியாகச் சொன்னது பாசிட்டிவ் என்றால் 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து உறுதிசெய்ய வேண்டும்; அடுத்த கர்ப்பத்தில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் உதவும். குரோமோசோம் பரிசோதனை எழுதினால் கணவருக்கும் சேர்த்துத்தான். வெளியேறிய திசுவைச் செல் வளர்த்துச் சோதிக்க அனுப்புவதென்றால் சலைனில் போட வேண்டும்; ஃபார்மலினில் போட்டால் செல்கள் செத்துவிடும்.

வேலைக்குப் போகிறவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரப்படுத்துங்கள். கரு கலைந்தால் 6 வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்பது 1961 மகப்பேறு நலச் சட்டத்திலேயே வந்த உரிமை; விண்ணப்பத்துடன் அந்தச் சான்றையும் இணைக்க வேண்டும்.