புத்தகத்தை மூடிப் பாருங்கள்

எங்கள் ஊர் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரங்களில் வழிகாட்டுகிறேன். புதிதாக வருகிறவர்கள் என் தலைமுறை செய்த அதே தவறுகளோடுதான் வந்து உட்காருகிறார்கள். கைப்பேசியைத் தள்ளி வை, இரவில் கண்விழிக்காதே என்பதையெல்லாம் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வேக வாசிப்புப் பயிற்சி

பணம் கட்டாதீர்கள். ஒரே பார்வையில் ஒரு பக்கத்தைப் படிக்க யாராலும் முடியாது. கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடுவதில்லை. ஏறக்குறைய கால் நொடி நின்று, தாவி, மறுபடி நிற்கிறது. நிற்கும் இடத்தைச் சுற்றிச் சில எழுத்துகள்தான் கூர்மையாகத் தெரியும். பாடம் பழகப் பழக வேகம் தானாக வரும்.

மஞ்சள் கோடு

பக்கத்துக்கு ஒரு வரி போதும்.

திரும்பத் திரும்பப் படிப்பது

நன்றாக உழைக்கிறவர்களே இதில் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால்தான் இதைப் பார்க்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண், வேலூர்ப் புரட்சிப் பாடத்தை நான்கு முறை முடித்துவிட்டதாகச் சொன்னாள். புத்தகத்தை மூடச் சொன்னேன். "1806 ஜூலை 10" என்று உடனே வந்தது. சிப்பாய்கள் ஏன் கொதித்தார்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. தோல் சின்னம் வைத்த புதிய தலைப்பாகை, நெற்றிக் குறிக்குத் தடை எல்லாம் அவள் கோடு போட்ட வரிகளிலேயே இருந்தன. புரட்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்த ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லஸ்பியின் பெயரும் அப்படித்தான்.

மறுபடி படிக்கும்போது வரிகள் தெரிந்த முகம்போலத் தோன்றுகின்றன. அந்த அறிமுகத்தையே நினைவு என்று நம்பிவிடுகிறோம். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் ஒரு பகுதியை மறுபடி படித்தார்கள்; இன்னொன்றைப் பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்ததே முந்தியது. ஒரு வாரம் கழித்து அதில் 42 சதவீதம்தான் நினைவில் இருந்தது. எழுதிப் பார்த்ததில் 56 சதவீதம். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே!

ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடி, நினைவில் இருப்பதை வெள்ளைத் தாளில் எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் சேருங்கள். இரண்டு நாள் கழித்துப் புதிய தாளில் மறுபடி எழுதுங்கள். முதல் வாரம் தாள் பாதி காலியாகத்தான் இருக்கும். பலர் மனம் உடைந்து பழைய வழிக்கே ஓடுவது அந்த வாரத்தில்தான். தயவுசெய்து ஓடாதீர்கள்.

முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டுமா?

வேண்டாம். பாடத்தின் கடைசியில் இருக்கும் வினாக்களை முதலில் படியுங்கள்.