சம்இஃப்: சத்தமில்லாமல் தப்பாகும் கூட்டல்

பண்ருட்டியில் முந்திரி விற்கும் ஒருவரின் எக்செல் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஏ-யில் தேதி, பி-யில் ஊர், சி-யில் ரகம், டி-யில் தொகை. நெல்லிக்குப்பத்துக்கு எவ்வளவுக்குச் சரக்கு போயிருக்கிறது என்று, நிபந்தனைக்குப் பொருந்தும் வரிகளை மட்டும் கூட்டும் சம்இஃப் சூத்திரத்தைப் போட்டால் நொடியில் தெரிந்துவிடும். ஆனால் தப்பான தொகை வந்தாலும் எக்செல் வாயே திறக்காது.

பெரும்பாலும் சிக்கல் நம் எழுத்துப் பழக்கத்தில் இருக்கிறது. நோட்டில் 25,000/- என்று எழுதிப் பழகிய கை, எக்செல் கட்டமான செல்லிலும் அப்படியே அடிக்கிறது. எக்செல்லுக்கு அது எண் இல்லை, வெறும் எழுத்து. சம்இஃப் அதைத் தாண்டிப் போய்விடும்; 25,000 ரூபாய் கணக்கிலேயே வராது. தேதியும் அப்படித்தான். 05.03.2024 என்று புள்ளி வைத்தால் பெரும்பாலான கணினிகளில் தேதியாகப் பதியாது. மார்ச் விற்பனையைக் கேட்டால் அந்த வரி விடுபடும். 05-03-2024 என்று அடியுங்கள். கணினியின் வட்டார அமைப்பு இந்தியா என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்கா என்றிருந்தால் அது மே 3 ஆகிவிடும்.

ஊர்ப்பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் விழுந்தாலும் பெயர் பொருந்தாது. கையால் அடிக்காமல், டேட்டா வேலிடேஷன் வைத்துப் பட்டியலில் இருந்து தேர்ந்தெடுப்பதே நல்லது.

இதைவிட ஆபத்தானது ரேஞ்ச், அதாவது எந்தச் செல்லிலிருந்து எந்தச் செல் வரை என்று நாம் கொடுக்கும் வரம்பு.

=சம்இஃப்(பி2:பி300,"நெல்லிக்குப்பம்",டி3:டி300)

ஊர் 2-ஆம் வரியில் தொடங்குகிறது, தொகை 3-ஆம் வரியில். எக்செல் மறுக்காது. நெல்லிக்குப்பம் என்று உள்ள ஒவ்வொரு வரிக்கும் அதற்கு அடுத்த வரியின் தொகையை எடுத்துக் கூட்டிவிடும். வரும் எண்ணும் நம்பும்படியாகவே இருக்கும். பல நிபந்தனைகள் வைக்கக்கூடிய சம்இஃப்ஸில் இப்படி அளவு மாறினால் #வேல்யூ! என்று பிழை காட்டும். ஆகவே நிபந்தனை ஒன்றே என்றாலும் சம்இஃப்ஸையே பழகுங்கள் என்பேன். எக்செல் 2007 முதல் அது இருக்கிறது. அதில் கூட்ட வேண்டிய ரேஞ்ச் முதலில் வரும், சம்இஃபில் கடைசியில்.

எஃப்1 செல்லில் உள்ள எண்ணைவிட அதிகமானதைக் கேட்க, ">எஃப்1" என்று மேற்கோளுக்குள் முழுவதையும் அடைக்காதீர்கள்; ">"&எஃப்1 என்பதே சரி. கடலூரையும் புதுச்சேரியையும் ஒரே சம்இஃப்ஸில் இரண்டு நிபந்தனையாகப் போட்டால் 0 தான் வரும், ஒரே வரியில் இரண்டு ஊர் இருக்காதே. தனித்தனியே போட்டுக் கூட்டுங்கள்.

மாதக் கடைசியில் எல்லா ஊர்த் தொகைகளையும் கூட்டி, டி முழுவதற்கும் நிபந்தனையில்லாமல் கூட்டும் சம் போட்டு, அதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாத பெயர் இருந்தால் இதில் பிடிபடும். 25,000/- மட்டும் சிக்காது, சம்மும் அதை விட்டுவிடும் என்பதால். அதற்கு டி2:டி300-க்கு கவுன்ட், கவுன்ட்ஏ இரண்டும் போடுங்கள். முதலாவது எண்களை மட்டும் எண்ணும்; மற்றது காலியில்லாத எல்லா செல்லையும் எண்ணும். இரண்டும் ஒத்துவராவிட்டால் எங்கோ எழுத்து புகுந்திருக்கிறது. அலைன்மென்ட்டை நீங்கள் மாற்றியிருக்காவிட்டால், அந்த செல் மட்டும் இடப்பக்கம் ஒட்டி நிற்கும்.